முன்சக்கரத்தில் கொஞ்சம் கிரீஸ்

போன சனிக்கிழமை காலை, விதுரா தாண்டி ஒரு மலைச்சரிவில், சேற்றில் முட்டி போட்டு உட்கார்ந்திருந்தேன். எதிரே என் ஜீப்பின் வலது முன்சக்கரம். மேலே மழை. குடை பிடிக்க ஒரு கை வேண்டும், வேலைக்கோ இரண்டு கையும் வேண்டும். குடையை விட்டுவிட்டேன்.

என் ஜீப்பைப் பற்றி இங்கே முன்பும் புலம்பியிருக்கிறேன். புதிதாக வருகிறவர்களுக்காக: பழைய டீசல் வண்டி, நான்கு சக்கரமும் இழுக்கிற ரகம். கரமனையில் எங்கள் தெருவுக்குள் அதைத் திருப்புவதற்குள் பாதி ஆயுள் போய்விடும். ரிட்டயர் ஆனதிலிருந்து சனிக்கிழமைகளில், படுக்கையில் கிடக்கிறவர்களை வீடு தேடிப் போய்ப் பார்க்கிற பாலியேட்டிவ் கேர் நர்ஸை மலைப்பக்கத்து வீடுகளுக்குக் கூட்டிப் போகிறேன். சேவை என்றெல்லாம் சொல்லிக்கொள்ளக் கூச்சமாக இருக்கிறது. அந்தப் பாதையில் ஏறுகிற வண்டி வேறு யாரிடமும் இல்லை... அவ்வளவுதான்.

நர்ஸ் ஷீபா எல்லையோரத்துப் பாறசாலைக்காரி. வீட்டில் தமிழ், வேலையில் மலையாளம், என்னிடம் இரண்டும் கலந்த ஒன்று. அன்று நாங்கள் போய்க்கொண்டிருந்தது பொன்னையா வீட்டுக்கு. ரப்பர் எஸ்டேட்டில் பால் வெட்டிக்கொண்டிருந்தவர், விழுந்து முதுகெலும்பு போய்ப் படுக்கையில் இருக்கிறார். மகள் செல்விதான் பார்த்துக்கொள்கிறாள். அப்பாவுக்குச் சிறுநீர் போகிற டியூப் அடைத்துக்கொண்டது, வயிறு கல்லாக இருக்கிறது என்று விடியும்போதே போன் செய்திருந்தாள்.

தார் ரோடு முடிந்த இடத்தில் பின்சக்கரங்கள் சேற்றில் சுற்ற ஆரம்பித்தன. இனி முன்சக்கரமும் இழுத்தால்தான் வண்டி ஏறும். இப்போதைய வண்டிகளில் உள்ளே உட்கார்ந்தபடி ஒரு பட்டனைத் தட்டினால் போதுமாம். என்னுடையதில் கீழே இறங்கி, முன்சக்கரம் இரண்டின் நடுவிலும் இருக்கிற திருகைக் கையால் திருப்ப வேண்டும். ஹப் லாக் என்று பெயர். திருப்பினால் சக்கரம் ஆக்ஸிலோடு பூட்டிக்கொள்ளும்.

இடது பக்கம் திரும்பியது. வலது பக்கம் அசையவில்லை. துணி சுற்றித் திருப்பினேன். பிளையர் வைத்துப் பார்த்தேன். ம்ஹூம்.

"எத்தற நேரம் ஆகும் சாரே?" என்றாள் ஷீபா.

"தெரியல ஷீபா. கழற்றித்தான் பாக்கணும்."

"எங்கில் நான் நடந்து போறேன். டியூப் அடைச்சு கெடக்கு, அது நம்ம வண்டிக்காகக் காத்து நிக்காது கேட்டா."

முட்டிவலிக்கு மாத்திரை சாப்பிடுகிறவள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, அந்தச் சரிவில் ஏறிப் போய்விட்டாள். நான் ஸ்பேனரோடு நின்றேன்.

மூடியைக் கழற்றினேன். உள்ளே பார்த்ததும் அலுப்பாக இருந்தது. கிரீஸ் - கை நிறைய கிரீஸ்! மழைக்காலத்துக்கு முன்னால் வொர்க்ஷாப்பில் விட்டபோது, "நல்லா நெறச்சு வச்சிருக்கேன் சார், ரெண்டு வருஷத்துக்குத் தொடவே வேண்டாம்" என்றார்கள். எவ்வளவு இனிமையான வாக்கியம்! வருஷா வருஷம் மழை முடிந்ததும் ஹப்பைக் கழற்றித் துடைத்துப் பூட்டிச் சலித்துப்போனவனுக்கு வேறென்ன வேண்டும்? நான் கேள்வியே கேட்கவில்லை.

ஆனால் இந்தப் பூட்டுக்குள் கெட்டி கிரீஸ் நிறைத்து வைக்கக்கூடாது. உள்ளே இருக்கிற பேரிங்குக்குத்தான் அது. பூட்டின் பற்களுக்கு லேசாக ஒரு பூச்சு போதும். நிறைத்தால் பற்கள் நகர இடமிருக்காது. போதாததற்கு, முந்தின வாரங்களில் ஓடைகளில் இறங்கி ஏறியபோது, மூடிக்கு அடியில் இருக்கிற பழைய கேஸ்கெட் வழியாகத் தண்ணீரும் போயிருக்கிறது. கிரீஸ் வெளுத்து, ஆறிப்போன பால்கோவா மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது.

பழைய வேட்டித் துணியால் வழித்தெடுத்தேன். பாட்டிலில் இருந்த டீசலை ஊற்றிக் கழுவினேன். ஸ்பிரிங் வழுக்கிச் சேற்றில் விழுந்தது. தடவித் தேடி எடுத்து மறுபடி கழுவினேன். முதுகு விண்விண் என்றது. இந்த வயதில் எனக்கு இது தேவையா? கேட்டுக்கொண்டேன். ஸ்பிரிங்கை அதன் இடத்தில் உட்காரவைத்தேன்.

போன் அடித்தது. ஷீபா.

"சாரே, டியூப் மாத்தியாச்சு. பட்சே ரத்தமாட்டு வருது. நல்ல பனி உண்டு, உடம்பு கொதிக்குது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகாம பற்றாது. வண்டி வருமா?"

பனி என்றால் இங்கே காய்ச்சல். வருமா என்று எனக்குத் தெரியவில்லை. "வரும்" என்றேன்.

விரல் நுனியில் கொஞ்சம் கிரீஸ் எடுத்துப் பற்களில் மெல்லியதாகத் தடவி, மூடியைப் பூட்டினேன். திருகைப் பிடித்துத் திருப்பினேன். திரும்பியது! வண்டியை ஒரு முழம் முன்னே நகர்த்தியதும் உள்ளே 'டக்' என்று பற்கள் கோத்துக்கொண்டன. கியர் போட்டேன். ஜீப் முனகிக்கொண்டே ஏறியது.

பொன்னையா கண்ணைத் திறக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் பாயோடு தூக்கிப் பின்னால் கிடத்தினார்கள். செல்வி அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். அவளுக்கு ஒரு பக்கத் தலைமுடி சீவியிருந்தது, மறுபக்கம் சீவாமல் கிடந்தது.

"மெதுவா போங்க சார். குலுங்குனா அப்பாவுக்கு வலிக்கும்" என்றாள். கொஞ்ச தூரம் போனதும், "சீக்கிரம் போங்க சார்" என்றாள்.

இரண்டும் சரிதான். லோ கியரில், பிரேக்கைத் தொடாமல், வண்டியை எஞ்சின் பிடியிலேயே இறக்கினேன். தார் ரோடு வந்ததும் கண்ணாடியில் பார்த்தேன். செல்வி ஷீபாவின் தோளில் சாய்ந்து வாய் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். மடியில் அப்பா. ஷீபா ஒரு கையால் அவளைத் தாங்கி, மறு கையால் அவர் நாடியைப் பிடித்திருந்தாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர், "கிருமி ரத்தத்துல கலந்திருக்கு. இன்னும் கொஞ்சம் வைகி, லேட்டா வந்திருந்தா..." என்று சொல்லி நிறுத்திக்கொண்டார். திங்கட்கிழமை பொன்னையாவுக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டது. கஞ்சி கேட்டாராம்.

அந்தச் சனிக்கிழமை வீட்டுக்கு வந்தபோது என் மனைவி சாந்தா வாசலிலேயே நிறுத்தினாள்.

"ஏன்னா, இது என்ன கோலம்? இந்த வண்டிய வித்துத் தொலைச்சா என்ன?"

"விக்கலாம்."

"எப்பவும் இதைத்தான் சொல்றேள். போய்க் குளிச்சுட்டு வாங்கோ. சாதம் ஆறிப்போறது."

ஞாயிற்றுக்கிழமை இடது ஹப்பையும் கழற்றினேன். அதிலும் தண்ணீர். புது கேஸ்கெட் போட்டு, அளவாகத் தடவி மூடினேன். அடுத்த மழைக்குள் மறுபடி கழற்ற வேண்டும். ஒரே தடவையில் நிறையச் செய்துவிட்டு, அப்புறம் திரும்பிப் பார்க்காமல் இருந்துவிடலாம் என்றுதான் நமக்கெல்லாம் ஆசை. வண்டியிலும் அது நடப்பதில்லை, மனுஷரிடமும் நடப்பதில்லை. செல்வி தினமும் அப்பாவைப் புரட்டிப் போட்டு முதுகு துடைக்கிறாள். மறுநாளும் அதே முதுகுதான். அவளுக்கு யாரும் இரண்டு வருஷ உத்தரவாதம் கொடுக்கவில்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது ஷீபாவின் போன்.

"சாரே, சனியாழ்ச்ச புது பேஷன்ட் ஒருத்தர் உண்டு. பேப்பாறை பக்கம்."

"ரோடு எப்படி ஷீபா? ரொம்ப மோசமா?"

"ரோடு இல்ல சாரே."