குசினிக்குள் போன தராசு

அடுத்தவர் வீட்டு விறகை நிறுத்துப் பார்ப்பதும் ஒரு உத்தியோகமா என்று கேட்கிறவர்கள் அதைக் கல்முனைப் பக்கத்தில் ஒரு மாதம் செய்து பார்த்திருக்க வேண்டும். கேள்வித்தாளும் கையுமாக வீடு வீடாக ஏறி இறங்கியவர்களுக்கு நான் சொல்லப் போவது புரியும். உங்களையும் நாய் துரத்தியிருக்கும். 'வீட்டில ஆள் இல்ல' என்று ஆளே வந்து சொல்லியிருக்கும். வேண்டாம் என்று சொல்லத் தெரியாமல் தேத்தண்ணி குடித்துக் குடித்து வயிறு ஊதியிருக்கும்.

அது எண்பதுகளின் தொடக்கம். எண்ணெய் விலை ஏறி எல்லா நாடுகளும் திண்டாடிக்கொண்டிருந்தன. நாட்டில் எவ்வளவு பெற்றோல் செலவாகிறது, எவ்வளவு மின்சாரம் செலவாகிறது என்று கொழும்பில் கணக்கு இருந்தது. சனங்கள் அடுப்பில் எவ்வளவு எரிக்கிறார்கள் என்பதற்கு மட்டும் கணக்கில்லை. பக்கத்து நாடுகளுக்கும் இதே பாடுதான். அதனால் நாலைந்து நாடுகள் கூடி, எல்லாரும் ஒரே மாதிரி அளப்போம், அப்போதுதான் ஒருவர் கணக்கை மற்றவர் கணக்கோடு சேர்த்து வைத்துப் பார்க்கலாம் என்று பேசி முடித்தன. அந்தப் பேச்சு எங்கெங்கோ சுற்றிக்கொண்டு வந்து, உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு மருதமுனையில் சும்மா இருந்த என் கையில் ஒரு கொக்கித் தராசாக முடிந்தது.

பெண் பிள்ளைகளைத்தான் எடுத்தார்கள். முதலில் அனுப்பிய ஆண்கள் எங்கள் ஊர்களில் வாசலைத் தாண்டவில்லை. சமையல் நடக்கிற குசினியைப் பார்க்காமலே திரும்பிவிட்டார்கள். வாப்பா கைத்தறிக்காரர். அரசாங்க வேலை, போகிற இடமும் பெண்கள் இருக்கிற குசினி, பிறகென்ன என்று அனுப்பி வைத்தார். எங்கள் மேற்பார்வையாளர் பாண்டிருப்பு சிவபாலன் சேர். அவர் குடையைப் பிடித்துக்கொண்டு வளவு வாசல் கடப்படியில் நிற்பார், நான் தராசோடு உள்ளே போவேன். இன்றைக்கு விறகை நிறுத்து வைத்துவிட்டு வந்து, நாளைக்குப் போய் மிச்சத்தை நிறுக்க வேண்டும். குறைந்தது எவ்வளவோ, அதுதான் அந்த வீட்டின் ஒருநாள் செலவு. சொல்வதற்கு இவ்வளவுதான்.

மாப்பிள்ளை வீட்டுக் கேள்விகள்

சாய்ந்தமருதில் நான் ஏறிய முதல் வீட்டிலேயே எனக்குக் கிடைத்த வரவேற்பு ஒரு அமைச்சருக்கும் கிடைத்திருக்காது. தாய்க்காரி ஓடி வந்து கதிரையைத் துடைத்துப் போட்டா. தொதலும் வட்டிலப்பமுமாக இனிப்புகள் வந்தன. நான் தாளை விரித்துக் கேட்கத் தொடங்கினேன். வீட்டில் எத்தனை அறை, குசினி தனியாக இருக்கிறதா, சமையல் யார், எத்தனை பேருக்கு ஆக்குவார்கள். ஒவ்வொரு கேள்விக்கும் அவ முகம் மலர்ந்துகொண்டே போனது. வீடு கல்வீடு, குசினி புதிதாகக் கட்டினது, சமையல் முழுக்க மகள்தான், இறைச்சிக்கறி வைத்தால் மூன்றாம் வீட்டுக்கு மணக்கும் என்று கேட்காததையும் சேர்த்துச் சொன்னா. உள்ளே கதவு மறைவில் வளையல் சத்தம் கேட்டது.

எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, மாப்பிள்ளை என்ன தொழில் என்று கேட்டா. அப்போதுதான் எனக்கு விளங்கியது. எங்கள் பக்கம் பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம். அறையையும் குசினியையும் விசாரித்துக்கொண்டு ஒரு பெண் வந்தால் அவள் மாப்பிள்ளை வீட்டாள்தான், வேறு யாராக இருக்க முடியும்? நான் தராசை எடுத்துக் காட்டி, விறகு நிறுக்க வந்த விஷயத்தைச் சொன்னேன். அவ தராசை வாங்கித் தூக்கிப் பார்த்தா. நான் பயந்தபடி கோபப்படவில்லை. வட்டிலப்பத்தில் இன்னொரு துண்டு வெட்டி என் தட்டில் வைத்துவிட்டுச் சொன்னா: "பரவாயில்ல மகள். வீடு வீடாப் போறீங்கதானே, நல்ல பொடியன் ஒருத்தன் கண்ணில பட்டா அதையும் எழுதிக்கிட்டு வாங்க."

எனக்காக எரிந்த விறகு

இரண்டாம் நாள் போய் மிச்சத்தை நிறுக்க வேண்டும் என்றேனே, அதில் ஒரு சங்கடம் இருந்தது. கல்முனைக்குடியில் ஒரு வீட்டில் முதல் நாள் கட்டி வைத்துவிட்டு வந்த விறகு, அடுத்த நாள் போனபோது ஏறக்குறைய முழுவதும் தீர்ந்திருந்தது. ஒரு கலியாண வீட்டுக்குத்தான் இவ்வளவு வேண்டும். சுற்றிப் பார்த்தேன். அடுப்பில் கோழி, அடுத்த அடுப்பில் நெய்ச்சோறு, கீழே பெரிய சட்டியில் கத்தரிக்காய். நாளைக்கும் வருவேன் என்று நான் சொல்லிவிட்டுப் போனதை அந்த மனிசி விருந்துக்கு வருகிறேன் என்று எடுத்துக்கொண்டிருக்கிறா.

கடப்படியில் நின்ற சேருக்கும் ஒரு தட்டுப் போனது. அவர் நின்றபடியே சாப்பிட்டுக்கொண்டு, இது வழமையான நாள் இல்லை, இந்த வீட்டைக் கணக்கிலிருந்து வெட்டிவிடு என்றார். சாப்பிட்ட கையோடு வெட்டவும் எனக்கு மனமில்லை, வெட்டாமல் விடவும் முடியாது. வேறு வழியில்லாமல் மனிசியிடம் மெல்லச் சொன்னேன், இன்றைய விறகு கணக்கில் வராது என்று. அவவுக்கு அது பெரிய அவமானமாகப் போய்விட்டது. "அப்ப உங்களுக்கு ஆக்கின விறகு விறகு இல்லையா?" என்று கேட்டா.

கொழும்பில் வேகாத சோறு

ஒருநாள் சிவபாலன் சேர் முகம் வாடி வந்தார். எங்கள் கரையோரக் கணக்கைக் கொழும்பில் நம்பவில்லையாம். மற்ற மாவட்டங்களில் எரிகிற விறகில் பாதிகூட எங்கள் பக்கம் எரியவில்லை. மரநிழலில் இருந்து மனம்போனபடி எழுதிவிட்டோம் என்று அங்கே பேச்சு. பக்கத்து நாடுகளிலிருந்து கணக்குச் சரிபார்க்க ஆட்கள் வருகிறார்கள், அவர்களும் பிழை என்று சொன்னால் எங்கள் பக்கத்தை அப்படியே விட்டுவிட்டு வேறொரு மாவட்டத்துக் கணக்கைப் போட்டு நிரப்பிவிடுவார்கள், நாங்களும் வீட்டுக்குப் போகலாம் என்றார். வெயிலில் அலைந்ததை விட, பொய் எழுதினாய் என்ற பேச்சுத்தான் எனக்கு வலித்தது.

காரணம் எங்களுக்குத் தெரியும். கரையோரத்தில் விறகு எங்கே இருக்கிறது? தென்னைதான் இருக்கிறது. தேங்காய் உரித்த பொச்சுமட்டை, சிரட்டை, பாளை, காய்ந்த ஓலை, இவைதான் அடுப்புக்குப் போகின்றன. தாளில் இருந்தது விறகு, கரி, மண்ணெண்ணெய் மூன்றும்தான். சேர் இதைத் தொடக்கத்திலேயே சொல்லிப் பார்த்தார்; தாளில் உள்ளதை மட்டும் அளக்கச் சொல்லிவிட்டார்கள். கொழும்பிலிருந்து முன்கூட்டியே வந்த பெரிய ஐயா சிங்களவர், தங்கமான மனிதர். எங்களை வரிசையாக உட்கார வைத்து, கோபமில்லாமல், தெரிந்த தமிழில் கேட்டார்: "மகள், இவ்வளவு விறகில தேத்தண்ணியும் கொதிக்காது. சோறு எப்படி வேகுது?"

கண்ணெரிகிற ஊர்கள்

வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் நேபாளத்துக்காரர், மற்றவர் பங்களாதேஷிலிருந்து ஷாஹானா என்று ஒரு அம்மா. ஆண்கள் எல்லாரும் கடப்படியில் சேரோடு நின்றுகொள்ள, நானும் ஷாஹானாவும் சாய்ந்தமருதில் பாத்தும்மா ராத்தாவின் குசினிக்குள் போனோம். அக்காவை நாங்கள் ராத்தா என்போம்; அவ எங்கள் கணக்கில் இருந்த வீட்டுக்காரி, கணவர் கடலுக்குப் போகிறவர். வெளிநாட்டு ஆள் வருகிறது என்று கேள்விப்பட்டு, எங்கேயோ கடன் வாங்கிய நல்ல விறகை அடுப்புக்கு முன்னால் அடுக்கிவிட்டு, வழமையாக எரிக்கிற மட்டைகளையும் ஓலையையும் சாக்குப் போட்டு மூடி வைத்திருந்தா. ஷாஹானா சலாம் சொன்னா, பலகையில் குந்தினா, அடுப்பு அணையப் பார்த்ததும் பக்கத்தில் கிடந்த ஊதுகுழலை எடுத்து ஊதினா. ஊதின தோரணையைப் பார்த்ததுமே ராத்தாவின் முகத்தில் இருந்த பயம் போய்விட்டது. பிறகு ஷாஹானா எழும்பிப் போய் அந்தச் சாக்கை விலக்கி, இதை ஏன் நிறுக்கவில்லை என்று என்னைக் கேட்டா.

எனக்குத் தெரிந்த இங்கிலீசில், இதற்குத் தாளில் இடமில்லை என்றேன். அவ சிரித்துவிட்டு, தங்கள் நாட்டிலும் முதலில் அப்படித்தான் அளந்தார்கள், சணல் தடியையும் வைக்கோலையும் சருகையும் சாணியையும் விட்டுவிட்டு அளந்ததில் நாட்டில் பாதிப் பேர் பச்சையாகச் சாப்பிடுவதாகக் கணக்கு வந்தது என்றா. தன் பையிலிருந்து அவர்கள் நாட்டுத் தாளை எடுத்துக் காட்டினா. அதில் எல்லாவற்றுக்கும் தனித்தனி இடம் இருந்தது. இரண்டு பேரும் மட்டைகளைச் சாக்கில் போட்டு, ஓலையைக் கட்டுக் கட்டாகக் கட்டி, கடப்படிக்கு இழுத்துக்கொண்டு போனோம். கொழும்பு ஐயா சட்டைக் கையை மடித்துக்கொண்டு தானே தராசைத் தூக்கிப் பிடித்தார். கூட்டிப் பார்த்தால் கணக்கில் குறைந்திருந்தது முழுக்க அங்கே இருந்தது. உங்கள் தாளை எனக்கு ஒரு பிரதி தாருங்கள் என்று ஐயா ஷாஹானாவிடம் கேட்டு வாங்கினார். சேர் குடையை மடக்கிவிட்டு என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது.

புறப்படும்போது பாத்தும்மா ராத்தா, அவட ஊரிலும் ஊதினால் கண் எரியுமா என்று கேட்கச் சொன்னா. நான் மொழிபெயர்த்தேன். ஷாஹானா புகையில் சிவந்திருந்த தன் கண்ணைக் காட்டித் தலையாட்டினா. ராத்தா கடன் வாங்கிய விறகை அடுப்படியிலிருந்து அள்ளி ஒரு பக்கம் வைத்தா. "புகை எல்லா நாட்டிலயும் ஒண்டுதான் போல. அப்ப எழுதுங்க, நான் என்னத்துக்கு வெக்கப்பட?" என்றா.

மலையிலிருந்து வந்தவர்

அன்று பின்னேரம் நேபாளத்துக்காரர், கடலைப் பார்க்கலாமா என்று கூச்சத்தோடு கேட்டார். அவர் பிறந்த ஊரிலிருந்து பார்த்தால் நாலு பக்கமும் மலைதான். பாண்டிருப்புக் கரைக்குக் கூட்டிக்கொண்டு போனோம். சப்பாத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு அலை காலை நனைக்கும் வரை நடந்தார். பிறகு அங்கே கரைவலை இழுப்பதைக் கண்டதும் உத்தியோகம் தலைக்கேறிவிட்டது. இந்த வலை என்ன எண்ணெயில் ஓடுகிறது என்று கேட்கச் சொன்னார். நான் கேட்டேன். வலைக்காரர் கறுப்பையா அண்ணன் தன் கையை மடக்கிப் புஜத்தைக் காட்டினார். அதற்கும் தாளில் ஒரு இடம் வேண்டும் என்று நேபாளத்துக்காரர் சொல்லிச் சிரித்தார்.

சிரித்தவர் காற்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு கயிற்றைப் பிடித்தார். அலை அடித்து விழுந்தார், எழும்பி மறுபடி பிடித்தார். கயிறு இழுக்கிறவர்களின் ஏலேலோப் பாட்டுக்குத் தன் ஊர்ப் பாட்டு ஏதோ ஒன்றைச் சேர்த்துப் பாடினார். இரண்டும் பொருந்தவில்லை, ஆனால் வலை வந்தது. நிறையச் சூடை மீன். பிரிக்கும்போது கறுப்பையா அண்ணன் அவருக்கும் ஒரு கோர்வை கட்டி நீட்டினார். அவர் வேண்டாம் என்று கும்பிட்டார். அண்ணன் என் பக்கம் திரும்பினார்: "புள்ள, இழுத்தவருக்குப் பங்கு குடுக்கத்தான் வேணும். ஊருக்குக் கொண்டுபோக ஏலாட்டி இஞ்ச ஆக்கித் தின்னச் சொல்லுங்க."

தனிக் குடும்பம்

எங்கள் கணக்குத் தப்பிப் பிழைத்தது. ஆனால் அதற்குத் தண்டனைபோல, புதிய தாளோடு எல்லா வீட்டுக்கும் மறுபடி போக வேண்டி வந்தது. மட்டை, சிரட்டை, உமி, வைக்கோல், சருகு என்று ஒன்றையும் விடாமல் நிறுத்தோம். எனக்கு 'குப்பை நிறுக்கிற மிஸ்' என்று பெயரும் விழுந்தது. திருக்கோவிலில் வயல் செய்கிற ஒரு கமக்காரர் வீட்டில் வளவின் மூலையில் ஒரு குவியல் புகைந்துகொண்டிருந்தது. அதையும் விடக்கூடாது என்று தராசோடு கிட்டப் போனேன். அது நுளம்பு கடிக்காமல் மாடுகளுக்குப் போட்ட புகை. கமக்காரர் ஓடி வந்து மறித்துக்கொண்டார். "மிஸ், மாட்டுப் புகையை எங்கட கணக்கில போட்டிராதீங்க. அது தனிக் குடும்பம்."

அச்சில் வந்த மட்டை

எல்லாம் முடிந்து வெகுநாள் சென்று சிவபாலன் சேர் ஒரு தடித்த புத்தகத்தோடு மருதமுனைக்கு வந்தார். எல்லா நாடுகளின் கணக்கும் பக்கத்தில் பக்கத்தில் அச்சாகியிருந்தது. ஷாஹானா நாட்டுச் சணல் தடிக்குக் கீழே எங்கள் தென்னைக்கும் ஒரு வரி. வாப்பா தறியை நிறுத்திவிட்டு வந்து, கண்ணாடி போட்டு அந்த வரியைப் பார்த்தார். எங்கள் பெயர் எதுவும் அதில் இல்லை. இருந்தாலும் அன்றைக்கு எங்கள் வீட்டில் ஒரு பெருநாள் போலத்தான் இருந்தது.

அடுத்த நாள் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு பாத்தும்மா ராத்தாவிடம் போனேன். வரியைக் காட்டி, இதற்குள் உங்கட மட்டையும் இருக்கிறது என்றேன். ராத்தா ஈரக்கையைத் துடைத்துவிட்டு அந்த எழுத்துகளை விரலால் தடவினா. பொச்சுமட்டைக்கு இங்கிலீசில் என்ன பேர் என்று கேட்டா. சொன்னேன். இரண்டு தரம் சொல்லிப் பார்த்தா, வாயில் வரவில்லை. "நல்ல பேராத்தான் இரிக்கி. ஆனா அடுப்பில அது தமிழ்லதான் எரியும்" என்றா.

இத்தனை நாடுகள் கூடி அளக்கக் கற்றுக்கொடுத்த பிறகும், என் சொந்த வீட்டில் மாதம் எவ்வளவு எரிகிறது என்று யாராவது தாளோடு வந்து கேட்டால், நான் இன்றைக்கும் உத்தேசமாகத்தான் ஒரு கணக்கைச் சொல்லி அனுப்புவேன்.