எதிர்க்கரைப் புளியமரம்

நான் சென்னையில் கல்லூரிக் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தபோது, பொங்கலுக்கு நீடாமங்கலம் பக்கத்திலுள்ள எங்கள் ஊருக்கு வந்திருந்தேன். பையில் புதுத்துணியோடு ஒரு நீளப் பட்டையும் இருந்தது. இரண்டு மரங்களுக்கு நடுவே இழுத்துக் கட்டி, அதன்மேல் நடக்கிற ஸ்லாக்லைன். கடற்கரையில் நண்பர்களோடு பழகியது. பார்க்க லாரியில் சரக்கு கட்டுகிற பெல்ட் போலத்தான் இருக்கும்.

ஊரில் முதலில் சிரித்தார்கள். கழைக்கூத்தாடவா இவ்வளவு செலவழித்துப் படிக்க வைத்தார்கள் என்று அத்தை நேரிலேயே கேட்டார். ஆனால் தோப்பில் நான் நடந்ததைப் பார்த்த பையன்கள் விடவில்லை. பொங்கல் விளையாட்டு விழாவில் வாய்க்காலுக்கு மேலே நடப்பேன் என்று மைக்கில் அறிவித்தே விட்டார்கள். எனக்கும் தலைகால் புரியவில்லை, சரி என்றேன்.

எங்கள் கரையில் தென்னை இருந்தது. எதிர்க்கரையில் தாங்கக்கூடிய மரம் ஒரு புளியமரம்தான். அது நின்ற நிலம் எங்களுடையது, உழுதவர் குத்தகைக்காரர். எங்கள் தாத்தா காலத்தில் குத்தகைக்காரரின் அப்பா குத்தகை உரிமையைப் பதிவு செய்துகொண்டதிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சு கிடையாது. நிலத்தைத் திரும்பக் கேட்டு நாங்கள் போட்ட வழக்கு வாய்தா மேல் வாய்தாவாக இழுத்துக்கொண்டிருந்தது. அவரிடம் போய்க் கேட்பதா என்று அப்பா முறுக்கிக்கொண்டார். பையன்களே போய்க் கேட்டார்கள். தாராளமாகக் கட்டிக்கொள்ளச் சொன்னாராம்.

அன்று மாலை இரண்டு கரையிலும் கூட்டம். மேட்டூர்த் தண்ணீர் வாய்க்கால் நிறைய ஓடியது. நான் பட்டையில் ஏறிய பிறகுதான் அம்மா பதறிப்போய், "அவளுக்கு நீச்சல் தெரியாதுங்க" என்று கத்தினார். விழாப் பையன்களிடம் நான் அதைச் சொல்லியிருக்கவில்லை. டெல்டாவில் பிறந்துவிட்டு நீச்சல் தெரியாது என்று சொல்ல வெட்கம்.

எதிர்க்கரையில் நின்ற குத்தகைக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். பட்டைக்கு நேர் கீழே, மார்பளவுத் தண்ணீரில் வந்து நின்றார். பாதி தூரத்தில் நான் விழுந்தேன். ஒரு வாய் தண்ணீர் குடிப்பதற்குள் தூக்கிவிட்டார். எங்கள் கரைக்குக் கொண்டுவந்து அப்பா கையில் ஒப்படைத்தார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. குத்தகைக்காரர் என்னிடம் மட்டும் சொன்னார்: "பயப்படாம திரும்ப ஏறும்மா. நீ இறங்குற வரைக்கும் நான் கீழ தண்ணியிலதான் நிப்பேன்."

ஏறினேன். அக்கரை வரை நடந்து போய் இறங்கினேன். விசில் சத்தம் அடங்க வெகுநேரமானது.

வீட்டுக்கு வரும் வழியில் அப்பா, "நாளைக்குப் போயி ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துடுறேன்" என்றார். ஆனால் வக்கீல் தடுத்துவிட்டார். தீர்ப்பு வருகிற சமயத்தில் போனால் நாம் இறங்கி வருவதாக நினைப்பார்கள், எல்லாம் முடியட்டும் என்றார். முடிந்தது. நாங்கள் ஜெயித்தோம். அவர் நிலத்தை விட்டுவிட்டுக் குடும்பத்தோடு திருப்பூர் பக்கம் போய்விட்டார். பிழைப்பைப் பிடுங்கிக்கொண்ட பிறகு எந்த முகத்தோடு போய் நன்றி சொல்வது? அப்பா கடைசிவரை போகவில்லை. நானும்தான்.

இப்போது பொங்கல் வந்தால் எங்கள் வாய்க்காலில் திருவிழாக் கூட்டம். மன்னார்குடி, தஞ்சாவூரிலிருந்தெல்லாம் பிள்ளைகள் வந்து நடக்கிறார்கள். ட்ரோன் பறக்கிறது, டிவிக்காரர்கள் வருகிறார்கள். இதை ஊருக்குக் கொண்டுவந்தவள் என்று என்னை மேடையேற்றிச் சால்வை போர்த்துகிறார்கள். அது யாருக்குச் சேர வேண்டியது என்று எனக்குத் தெரியும். இரண்டு கரையும் எங்கள் கைக்கு வந்துவிட்ட பிறகு, கொண்டுபோய்க் கொடுக்கத்தான் எதிர்க்கரையில் ஆள் இல்லை.