நெஞ்சில் தெரிந்த புள்ளி

பனியன் கம்பெனியில் எனக்குச் செக்கிங் வேலை. தைத்து வந்த துணியைப் புரட்டிப் பார்த்து, ஓட்டையோ கறையோ இருந்தால் ஒதுக்க வேண்டும். தொங்கும் நூலை வெட்டுவதற்குக் குட்டிக் கத்தரி கொடுத்திருக்கிறார்கள். நான் பல்லால்தான் கடித்து எடுப்பேன். சூப்பர்வைசர் கத்திக் கத்தி ஓய்ந்துவிட்டார். என் வாய்க்குச் சும்மா இருக்கத் தெரியாது. பேச்சு இல்லையென்றால் நூல்.

தைராய்டில் வந்த கட்டி புற்றுநோய்தான் என்று தெரிந்ததும் அறுவை செய்து சுரப்பியை எடுத்தார்கள். மிச்சம் மீதியை அழிக்க, கதிரியக்க அயோடின் கொடுக்கவேண்டுமென்று கோயம்புத்தூருக்கு அனுப்பினார்கள். அதைக் குடித்தால் எச்சில், வியர்வை எல்லாவற்றிலும் கதிர் இருக்குமாம். தனி அறையில் இருக்கவேண்டும், உள்ளே கொண்டுபோனதை உடனே வெளியே எடுக்க முடியாது, அதனால் நகையெல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும் என்றார்கள்.

தங்கத் தாலியைக் கழற்றினேன். மாமியாருக்குப் பொறுக்கவில்லை. மஞ்சள் கயிற்றில் மஞ்சள் கிழங்கை முடிந்து என் கழுத்தில் கட்டிவிட்டார்.

"வெறுங் கழுத்தோட போகக்கூடாது கண்ணு. இது இருக்கட்டும்."

மருந்தைக் குடித்துவிட்டு நான் இருந்த அந்தத் தனி அறையில் பேச ஆள் இல்லை. சாப்பாட்டைக் கதவருகே வைத்துவிட்டு ஓடிவிடுவார்கள். என்னைக் கண்டு இப்படி ஓட நான் என்ன பேயா என்று எரிச்சலாக வரும். எரிச்சல் அடங்கினால் பயம் வரும். கடைசி நாள் ஸ்கேனில்தான் நோய் வேறெங்கும் பரவியிருக்கிறதா என்று தெரியும். அதையே நினைத்துக்கொண்டு படுத்திருப்பேன்.

ஸ்கேன் எடுக்கும் பெண் கேட்டாள். "நகை ஏதாச்சும் போட்டிருக்கீங்களாக்கா?"

"இல்லீங்க."

படுக்க வைத்தாள். மேலே ஒரு பெரிய தட்டு மெல்ல நகர்ந்தது. முடிந்ததும் எழுந்திருக்கச் சொல்லாமல் டாக்டரைக் கூப்பிடப் போனாள்.

"கழுத்துல தெரியறது எதிர்பார்த்ததுதாம்மா. நெஞ்சுக்கு நடுவுலயும் ஒரு புள்ளி தெரியுது. அது என்னன்னு பாக்கணும்" என்றார் டாக்டர்.

ஒரு புள்ளி. அதற்காக எத்தனை துணியை யோசிக்காமல் ஒதுக்கியிருக்கிறேன்! டாக்டர் மேல், கடவுள் மேல், வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் வீட்டுக்காரர் மேல், எல்லோர் மேலும் ஆத்திரமாக வந்தது. சாகப் பிடிக்கவில்லை எனக்கு.

அந்தப் பெண் என் அங்கியைச் சரிசெய்ய வந்தவள் நின்றுவிட்டாள்.

"இது என்னக்கா?"

"தாலிங்க."

"நகை இல்லேன்னீங்களே?"

"தாலி எப்படிங்க நகையாகும்?"

டாக்டர் குனிந்து பார்த்தார். கயிற்றின் நுனி நைந்து நூல் நூலாகப் பிரிந்திருந்தது. "வாயில வெச்சுக் கடிச்சீங்களாம்மா?"

அப்போதுதான் எனக்கே உறைத்தது. பயம் வரும்போதெல்லாம் அதைத்தான் கடித்துக்கொண்டிருந்திருக்கிறேன். "ஆமாங்க" என்றேன்.

கழற்றச் சொன்னார்கள். கை முடிச்சுக்குப் போய்த் திரும்பி வந்தது. புருஷன் வெளியே குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது நானே அவிழ்ப்பதா? அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால்? பிறகு, என் உயிரும் உயிர்தானே என்று கண்ணை மூடிக்கொண்டு தலைவழியே கழற்றிக் கொடுத்தேன். அந்தப் பெண் உறை போட்ட கையால் வாங்கி, கதிர் இருந்தால் கத்தும் ஒரு கருவியை அருகில் காட்டினாள். கருவி கூப்பாடு போட்டது.

நெஞ்சைக் கழுவி, வேறு அங்கி மாட்டி, மறுபடி படுத்தேன். புள்ளி இல்லை. கயிற்றைக் கதிர் அடங்கும்வரை வைத்திருக்க வேண்டுமென்று எடுத்துக்கொண்டார்கள்.

வெறுங் கழுத்தோடு வெளியே வந்தேன். வீட்டுக்காரர் பார்வை நேராக என் கழுத்துக்குப் போனது. முகம் வெளுத்துவிட்டது.

"ஏனம்மிணி, கயிறு எங்க?"

நடந்ததைச் சொன்னேன்.

"அப்ப, வேறெங்கயும் பரவலையா?"

"இல்லீங்க."

பெஞ்சில் சரிந்து, முகத்தைப் பொத்திக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதார். அவர் அழுது நான் பார்த்ததே இல்லை. சில நாளைக்கு யார் பக்கத்திலும் நெருங்கக்கூடாது என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். அதனால் எட்டவே நின்று, "அழுவாதீங்க, அழுவாதீங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.