ஞாயிற்றுக்கிழமை மட்டும் கேளாத காது

அந்தமானின் லாங் ஐலண்டில் எங்கள் குவார்ட்டர்ஸ் மரமில்லுக்குப் பக்கத்தில் இருந்தது. வாரத்தில் ஆறு நாளும் இரைச்சல், ஞாயிறு மட்டும் அமைதி. என் மகளுக்கு அப்போது ஏழு மாதம். குழந்தை வளர்ப்புப் புத்தகம் ஒன்று, அமைதியான இடத்தில் கைக்கடிகாரத்தைக் காதருகே பிடித்துப் பார்க்கச் சொன்னது. திரும்பினால் காது கேட்கிறது என்று அர்த்தம்.

சொன்னபடி செய்வது என் சுபாவம். மூன்று ஞாயிறு, கோழிகளையும் கணவரையும் வெளியே அனுப்பிவிட்டுக் கடிகாரத்தை நீட்டினேன். மகள் தன் கால் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். தட்டைத் தட்டினால் திரும்பினாள்தான். ஆனால் அது அதிர்வாக இருக்கலாமே! செவிடு என்று முடிவு கட்டி, புதன்கிழமைப் படகில் போர்ட்பிளேர் ஆஸ்பத்திரிக்குப் போக மூட்டையும் கட்டினேன்.

திங்களன்று விஷயத்தைக் கேட்டு, அடுத்த வீட்டு கான்ட்ராக்டர் மனைவி தன் இந்தி கலந்த தமிழில் சொல்லிச் சிரித்தாள். “அரே அக்கா, நம்ம பச்சாங்கள்லாம் மெஷின் சத்தத்துல பொறந்ததுங்க. மெஷின் சாலூ ஆனப்புறம் பாருங்க.”

பெரிய மரம் அறுபடும்போது பார்த்தேன். கடிகாரம் எனக்கே கேட்கவில்லை. அறுப்பு முடிந்து வாள் சும்மா சுற்றும்போது நீட்டினேன். மகள் சட்டென்று திரும்பினாள்.

தற்செயலோ? மதியம் மில் நின்றதும், சாப்பிட வந்த கணவரின் கையில் முறத்தையும் அரிசியையும் கொடுத்தேன்.

“புடைக்கிறதுக்கா கவர்மென்ட் வேலைக்கு வந்தேன்?”

“இன்னும் மெதுவாங்க.”

முறம் சலசலத்தது, மகள் கடிகாரத்தைத் தேடினாள். நிறுத்தினார், கட்டைவிரலுக்கே போய்விட்டாள். நான்கு முறையும் அப்படித்தான்.

காரணத்தைப் பல வருடம் கழித்துத்தான் படித்தேன். மூளையின் நரம்பணு துடிக்க, வரும் ஒலி ஒரு படியைத் தாண்ட வேண்டும். மெல்லிய ஒலி படிக்குக் கீழேயே நின்றுவிடும். கொஞ்சம் இரைச்சல் சேர்ந்தால் அது தூக்கிவிட, நரம்பணு ஒலியின் தாளத்திலேயே துடிக்கும். இரைச்சல் மிஞ்சினால் கண்டபடி துடிக்கும், ஒலி தொலைந்துபோகும். என் மகளுக்கு நடந்தது அதுதானா, கடிகாரம் அலுத்துப்போனதா, இன்றும் உறுதியில்லை.

அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம் அவளுக்குக் காது கேட்கிறது என்பதுதான். மூட்டையை அவிழ்த்தேன். அவர் படகுச் சீட்டைத் திருப்பிக் கொடுக்கக் கிளம்பினார். “நல்லாவே புடைச்சீங்க” என்று முதுகுக்குப் பின்னால் மெல்லச் சொல்லிப் பார்த்தேன். திரும்பவில்லை. மில் இன்னும் ஓடத் தொடங்கவில்லை என்பதால் விட்டுவிட்டேன்.