தந்தி அக்காவின் ஃபிரிட்ஜில் ஒரு பட்டு நூல்

செவ்வாய்க்கிழமை காலை, நான் கேட்காத ஒரு பார்சல் எங்கள் வீட்டுக்கு வந்தது. தபால்காரர் எத்திராஜ் அண்ணன் அதைச் சைக்கிளிலிருந்து இறக்கி, சாக்கின் ஈரம் காக்கிச் சட்டையில் படாமல் எட்ட நீட்டினார்.

"எனக்கா? நான் ஆர்டரே போடலியேண்ணே."

"தந்தி அக்கா போயிட்டாங்கபா. விடிகாலையில. தூக்கத்துலயே" என்றார்.

ஊரையே ஏமாற்றித் திரிகிறவனுக்கு ஊரே தன்னை ஏமாற்றுவதாகத்தான் தோன்றும். "ஏப்ரல் ஃபூல் முடிஞ்சி ரெண்டு மாசம் ஆவுதுண்ணே" என்றேன். எத்திராஜ் அண்ணன் சிரிக்கவில்லை. சைக்கிள் மணியைக்கூட அடிக்காமல் போய்விட்டார். என் கையில் பார்சல் சொட்டிக்கொண்டிருந்தது. ஐஸ் சொட்ட ஆரம்பித்தால் ஓட வேண்டும் என்பது என் கால்களுக்குப் பழக்கம். பாதித் தெரு கடந்த பிறகுதான் எங்கே ஓடுகிறேன் என்பது எனக்கு உறைத்தது. அந்த அக்கா வீட்டு ஃபிரிட்ஜுக்குத்தான்.

பிள்ளையார்பாளையத்தில் அவரைத் தெரியாதவர்கள் இல்லை. இந்த அஞ்சலி வரும் கையெழுத்துப் பத்திரிகை அடுத்த தெருக்களுக்கும் போவதால் சொல்கிறேன். சிவகாமி அக்கா நம் ஊர்த் தபால் தந்தி ஆபீசில் தந்தி அனுப்புகிறவர். தனி ஆள், தீவிரமான சைவம், வெங்காயம்கூட யோசித்துத்தான் சாப்பிடுவார். சர்க்கரை வியாதி. தினம் போட்டுக்கொள்ளும் ஊசி மருந்தைக் குளிரில் வைக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதால், எங்கள் தெருவிலேயே முதல் ஃபிரிட்ஜ் அவர் வீட்டுக்கு வந்தது.

தந்தியில் ஒவ்வொரு சொல்லுக்கும் காசு. அதனால் அக்காவின் கையில் எப்போதும் ஒரு சிவப்புப் பென்சில் இருக்கும். தந்தி எழுதும் பாரத்தை நீட்டினால் வேண்டாத சொற்களை அடித்துவிட்டுத்தான் வாங்குவார். ஒருமுறை ஒரு பெரியவர் பம்பாயில் இருக்கும் மகனுக்கு, 'அம்மாவுக்கு உடம்பு சற்றுச் சரியில்லை, பயப்பட வேண்டாம், ஆனாலும் வந்தால் நல்லது' என்று எழுதிக் கொடுத்தார். அக்கா அதை 'அம்மா தேடுகிறாள். வா' என்று ஆக்கினார். "பயப்பட வேணாம்னு போட்டாத்தான் அவன் பயந்துருவான்யா" என்றார். ஒரு சொல்லைக்கூட வீணாக்காதவர் என்று அவருக்குப் பெயர். பேச்சிலும் அப்படித்தான்.

நான் அவருக்கு அறிமுகமானது ஒரு குற்றவாளியாக. என்னிடம் ஒரு மீன் தொட்டி உண்டு. அப்பாவின் தறிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. காலை வெயில் தொட்டிக்குள் நுழைந்து வெளியே வரும்போது, தறியில் விரிந்திருக்கும் பாவு நூல்களின் மேல் தண்ணீரின் நிழல் அசையும். பார்த்துக்கொண்டே இருந்தால் நெய்கிறவர் அப்பாவா தண்ணீரா என்று சந்தேகம் வந்துவிடும். அந்தத் தொட்டியில் நான்கு ஏஞ்சல் மீன்கள். பொரியும் பிஸ்கட் தூளும் போட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் பெரிய இடத்துப் பிள்ளைகள். உறைய வைத்த புழுவைத் தபாலில் அனுப்புவதாகச் சென்னையில் ஒரு மீன் கடை வாரப் பத்திரிகையில் விளம்பரம் செய்திருந்தது. எழுதிப் போட்டேன். தகர டப்பாவில் சிவப்பாக உறைந்த கட்டி, அதைச் சுற்றி ஐஸ், ஐஸைச் சுற்றி மரத்தூள், எல்லாவற்றுக்கும் மேல் சாக்கு. கிளம்பும்போது அது பார்சல், வந்து சேரும்போது பாதி குளம்.

மூன்றாவது பார்சலில் ஆபீசிலிருந்து ஆள் வந்து என்னைக் கூட்டிப்போனார். மேசைமேல் நனைந்த தபால்கள் விரித்துக் காய வைக்கப்பட்டிருந்தன. அக்கா ஒரு கல்யாணப் பத்திரிகையை இரண்டு விரலால் தூக்கிக் காட்டினார். மஞ்சளும் சிவப்பும் கலந்து வழிந்திருந்தது.

"இன்னாபா இது? கல்யாணம் ஆவறதுக்கு முன்னயே அழுவுது."

"மீனுக்குச் சாப்பாடுக்கா."

"எது?"

"புழு."

அக்கா பத்திரிகையைக் கீழே வைத்துவிட்டுக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டார். நான் திட்டுக்குத் தயாராக நின்றேன். அவரோ, "வூட்டுக்குக் கொண்டும்போயி எங்க வெப்ப?" என்று கேட்டார்.

"பானைத் தண்ணியிலக்கா. அன்னிக்கே முக்கால்வாசி நாறிப்போவும்."

"உயிருங்க பட்டினி கெடக்குமா?"

"கெடக்கும்."

அன்று சாயங்காலம் அவர் சொல்லியனுப்பியபடி அப்பாவின் தறியிலிருந்து மயில்கழுத்து நிறத்தில் ஒரு துண்டுப் பட்டு நூல் கொண்டுபோனேன். அக்கா ஃபிரிட்ஜின் ஐஸ் அறைக்குள் அதைக் குறுக்கே இழுத்துக் கட்டினார். "நூலுக்கு இந்தாண்ட சைவம். அந்தாண்ட நீ. தாண்டினா ரெண்டு பேருக்கும் மரியாதை இல்ல" என்றார்.

எனக்கு வாய் சும்மா இருக்குமா? "புழுவைப் போயி சைவ வூட்ல வெக்கிறீங்களே, சாமி குத்தம் இல்லியாக்கா?"

"போடா. ஊரே புழு கட்டின கூட்டைத்தான் சுத்திக்கினு கோயிலுக்குப் போவுது. வரதரும் ஏகாம்பரரும் ஒண்ணும் கேக்கல. நீ கேக்க வந்துட்ட."

அதிலிருந்து மாதம் ஒரு பார்சல். ஆபீசுக்கு வந்ததுமே அக்கா மதியச் சாப்பாட்டு நேரத்தில் அதைத் தானே வீட்டுக்கு எடுத்துப்போய் நூலுக்கு அந்தாண்ட வைத்துவிடுவார். தினமும் ஒரு சின்னத் துண்டை நான் உடைத்து எடுத்துவருவேன். நூலின் மேல் பனி படிந்து படிந்து அது வெள்ளிச் சரிகை மாதிரி ஆகிவிட்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் மீன்களைப் பார்க்க அக்கா எங்கள் வீட்டுக்கு வருவார். தொட்டி முன்னால் உட்கார்ந்தால் நேரம் போவது தெரியாது. கண்ணாடியில் ஆள்காட்டி விரலால் தட்டுவார். நீளமாக, குறுகலாக, மறுபடி நீளமாக. ஆபீசில் தந்திக் கட்டையைத் தட்டுகிற அதே தாளம். சிவப்புத் துண்டு கரைந்து இறங்க, மீன்கள் அந்தத் தட்டல் கேட்கும் இடத்துக்கு மிதந்து வரும். அறை முழுக்கத் தண்ணீர் வெளிச்சம். அக்காவின் மூக்குக்கண்ணாடியிலும் இரண்டு மீன்கள் நீந்தும்.

"இன்னாக்கா தந்தி குடுக்கறீங்க அதுங்களுக்கு?"

"சாப்ட்டியான்னு கேக்கறேன்."

"அதுக்கு எத்தினி வார்த்தை?"

"ஒண்ணுதான். அதுக்கு மேல எதுக்கு?"

இனி எழுதப்போவதை எழுத எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் இதை விட்டுவிட்டு அஞ்சலி என்று எழுதினால் அக்காவின் சிவப்புப் பென்சில் என் விரலில் தட்டும்.

ஏப்ரல் முதல் தேதி. சாயப் பட்டறையிலிருந்து கொஞ்சம் சிவப்புச் சாயம் வாங்கிக் கிண்ணத்தில் கரைத்து, முந்தின நாளே அக்காவின் ஐஸ் அறையில் என் பக்கத்தில் வைத்து உறைய விட்டேன். காலையில் புழு எடுக்கும் சாக்கில் போய் அந்தக் கட்டியை நூலுக்கு இந்தப் பக்கம், கீழே மருந்து இருக்கும் தட்டுக்கு நேர் மேலே வைத்தேன். புழு எல்லை தாண்டிவிட்டது என்று அக்கா அலற வேண்டும், நான் சிரிக்க வேண்டும். அவ்வளவுதான் திட்டம். அன்று மின்சாரம் போகும் என்பது என் திட்டத்தில் இல்லை.

மதியம் நான் போனபோது ஃபிரிட்ஜ் திறந்து கிடந்தது. கட்டி உருகிச் சாயம் தட்டுத் தட்டாக வழிந்து, தயிரில் இறங்கி, மருந்துப் புட்டிகளின் ரப்பர் மூடிகளில் தேங்கி நின்றது. அக்கா எல்லாவற்றையும் வாசலில் வாரிக் கொட்டிக்கொண்டிருந்தார். என் புழு டப்பாவும் வெயிலில் கிடந்தது.

"ஏப்ரல் ஃபூல்" என்று சொல்ல வாயெடுத்தேன்.

"சாயமா?" என்றார்.

தலையாட்டினேன்.

"இந்த மூடியிலதான்பா ஊசி குத்தணும். மருந்து இல்லன்னா நான் இல்ல." குரலை உயர்த்தவே இல்லை. நூலை அறுத்து என் கையில் கொடுத்தார். "போ."

மறுநாளே சென்னையிலிருந்து வேறு மருந்து வந்துவிட்டது. அக்காவுக்கு உடம்புக்கு ஒன்றும் ஆகவில்லை என்று டாக்டரிடமே போய்க் கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஆனால் அவர் என்னோடு பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வரவில்லை. வைக்க இடம் இல்லாததால் நானும் பார்சலுக்கு எழுதவில்லை. மீன்கள் மெலிந்தன. ஒன்று போயிற்று. எவ்வளவோ பேரைச் சிரிக்க வைத்த வாய்க்கு ஒரு சொல் நேராகச் சொல்ல வரவில்லை. இரண்டு முறை அவர் வீட்டு வாசல் வரை போய், பூனையைத் தேடுகிறவன் மாதிரி நடித்துத் திரும்பினேன். எங்கள் வீட்டில் பூனையே கிடையாது.

கடைசியில் போன சனிக்கிழமை ஆபீசுக்குப் போய், தந்தி பாரம் ஒன்றை எடுத்து, பெறுநர் என்ற இடத்தில் 'சிவகாமி அக்கா' என்று எழுதினேன். கீழே இடம் போதாமல் பின்பக்கமும் எழுதினேன். விளையாட்டாகச் செய்தது, மின்சாரம் போகும் என்று தெரியாது, சாயப் பட்டறைக்காரர்தான் அதிகமாகக் கொடுத்துவிட்டார், மீன்களும் உங்களைத் தேடுகின்றன, ஆகையால் தயவுசெய்து மன்னிக்கவும். வரிசையில் நின்று நீட்டினேன்.

அக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை. பாரத்தைப் படித்தார். சிவப்புப் பென்சிலை எடுத்தார். விளையாட்டை அடித்தார். மின்சாரத்தை அடித்தார். பட்டறைக்காரரை இரண்டு முறை அடித்தார். மீன்களின் மேல் பென்சில் ஒரு நொடி நின்றது, பிறகு அதையும் அடித்தார். மிஞ்சியது 'மன்னிக்கவும்' ஒன்றுதான்.

"இது போதும்" என்றார். பாரத்தை மேசை டிராயரில் வைத்து மூடினார். "அடுத்தது யாருபா?"

வாங்கிக்கொண்டாரா, தள்ளிவிட்டாரா? மூன்று நாள் அதையேதான் யோசித்துக்கொண்டிருந்தேன். நான்காம் நாள் எத்திராஜ் அண்ணன் வந்தார்.

அக்கா வீட்டில் கூடம் நிறைய ஜனம். அவரைப் படுக்க வைத்திருந்தார்கள். மூக்குக்கண்ணாடி இல்லாத முகம் யாரோ தூங்குகிற மாதிரி இருந்தது. பார்சலிலிருந்து சொட்டும் தண்ணீர் கூடத்தில் விழக் கூடாது என்று பின்பக்கமாகப் போனேன். வேலூரிலிருந்து வந்திருந்த அக்காவின் தம்பி அங்கே நின்றிருந்தார். என்னையும் சாக்கையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நீதான் அந்தப் புழுப் பையனா?"

"ஆமாங்க."

"அக்கா லெட்டர்ல உன்னைப் பத்தி எழுதும். உள்ள போ. ஃபிரிட்ஜ் அங்கதான் இருக்குது."

ஐஸ் அறையைத் திறந்தேன். குறுக்கே ஒரு நூல் கட்டியிருந்தது. புதுசு. அரக்கு நிறம். அதன் மேல் இன்னும் பனிகூடச் சரியாகப் படியவில்லை. இந்தாண்ட அக்காவின் ஐஸ் தட்டு. அந்தாண்ட துடைத்து வைத்த வெறும் இடம்.

அங்கேயே தரையில் உட்கார்ந்து சாக்கைப் பிரித்தேன். மரத்தூளுக்கு நடுவே கடைக்காரரின் நனைந்த கடிதம். மை கசிந்திருந்தாலும் படிக்க முடிந்தது:

'அம்மையீர், தாங்கள் சனிக்கிழமை கொடுத்த தந்தி கிடைத்தது. "புழு உடனே அனுப்பவும், மீன்கள் பட்டினி, பையன் மன்னிக்கப்பட்டான்" என்று கண்டிருந்தது. தாங்கள் குறித்த விலாசத்துக்கு வழக்கமான அளவு புழு அனுப்பியுள்ளோம். கடைசியில் கேட்டிருப்பது என்ன சரக்கு என்று விளங்கவில்லை. அது எங்களிடம் இருப்பில் இல்லை.'

ஒரு சொல்லைக்கூட வீணாக்காத அக்கா, புழுக் கடைக்காரருக்கு எந்த விதத்திலும் தேவைப்படாத இரண்டு சொற்களைக் காசு கொடுத்துத் தட்டியிருக்கிறார்.

கட்டியை நூலுக்கு அந்தாண்ட வைத்தேன். ஒரு துண்டை மட்டும் உடைத்து எடுத்துக்கொண்டு, கூடத்தில் அவர் காலைத் தொட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன். தறி அன்று நின்றிருந்தது. அசையாத பாவின் மேல் தண்ணீரின் நிழல் மட்டும் நெய்துகொண்டிருந்தது. துண்டைத் தொட்டியில் போட்டேன். எனக்குத் தந்தி மொழி தெரியாது. இருந்தாலும் விரல் ஞாபகம் வைத்திருந்தபடி தட்டினேன். நீளமாக, குறுகலாக, மறுபடி நீளமாக. மூன்று மீன்களும் மெதுவாகத் திரும்பி, சிவப்பு கரைந்து இறங்கும் இடத்துக்கு வந்தன.

அக்கா, பென்சிலுக்கு வேலை வைக்காமல் முடிக்கிறேன்.

கிடைத்தது. சாப்பிட்டன. போய் வாருங்கள்.