எந்த நேரத்து ஒன்பது மணி?

போன சனிக்கிழமை காலை ஒன்பது இருபதுக்கு ஒரு பெண் தன் மணிக்கட்டை என் முகத்துக்கு நேரே திருப்பிக் காட்டினார். அவருடைய கடிகாரத்தில் எட்டு ஐம்பது.

அது பழுதான கடிகாரமில்லை. என்னுடையதும் பழுதில்லை. இரண்டும் ஒழுங்காகத்தான் ஓடிக்கொண்டிருந்தன. பிழை விட்டது நான்.

போன வாரம் இந்தப் பத்தியின் அடியில், வழக்கமான ஊர்ச் செய்திகளோடு ஓர் அறிவித்தலும் எழுதியிருந்தேன். கொழும்பிலிருந்து கண் வைத்தியர்கள் வருகிறார்கள். நகரத்தில் ஒரு பாடசாலை மண்டபத்தில் இலவசப் பரிசோதனை. கண்ணில் வெள்ளை படர்ந்தவர்களுக்கு அடுத்த கிழமையே ஒப்பரேசன். சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குள் வந்து இலக்கத் துண்டு எடுக்கவேண்டும்... இவ்வளவுதான் செய்தி.

எந்த ஒன்பது மணி?

வேறு ஊர் ஆட்கள் இந்தக் கேள்வியைக் கேட்டுச் சிரிக்கலாம். நாங்கள் சிரிக்கமாட்டோம். மின்சாரத்தை மிச்சம் பிடிக்க அரசாங்கம் நாட்டின் கடிகாரத்தை முன்னே தள்ளியது. பிறகு கொஞ்சம் பின்னே இழுத்தது. கடைசியில் அரைமணித்தியாலம் முன்னே என்று நிறுத்தியது. வாவிக்கு இந்தப் பக்கம், எழுவான்கரையில், கந்தோரும் பஸ்ஸும் பள்ளிக்கூடமும் புதிய நேரத்துக்கு வந்துவிட்டன. பாலத்தைத் தாண்டிப் படுவான்கரைக்குப் போனால் இன்றைக்கும் பழைய நேரம்தான். அரசாங்கத்தின் கை எட்டாத கரை அது, அங்கே கடிகாரத்தை யாரும் தொடவில்லை.

அங்கே மட்டும் என்ன, இங்கேயும் கோயில் பூசை பழைய நேரம். கலியாண முகூர்த்தம் பழைய நேரம். எங்கள் வீட்டில் விறாந்தையில் தொங்குவது புதிய நேரம், குசினியில் இருப்பது பழைய நேரம். இராகுகாலம் பார்க்கிற என் மனைவி அதை மாற்ற விடவில்லை. குசினியில் தேத்தண்ணியை வாங்கிக்கொண்டு விறாந்தைக்கு வந்தால் அரைமணித்தியாலம் போயிருக்கும். தேத்தண்ணி மட்டும் ஆறாது.

ஆகவே, எனக்குத் தெரியாது என்று நான் சொல்லமுடியாது. தெரிந்துதான் இவ்வளவு காலமும் ஒவ்வொரு அறிவித்தலிலும் மணிக்குப் பக்கத்தில் அடைப்புக்குறி போட்டு ‘புதிய நேரம்’ என்று எழுதி வந்தேன். போன வாரம் அதை வெட்டினேன்.

ஏன் வெட்டினேன்?

அழகுக்காக. வேறு காரணமில்லை. ஒரு சின்னப் பந்தியில் மூன்று இடத்தில் அடைப்புக்குறி வந்தது. முகத்தில் பரு போட்டமாதிரிக் கிடந்தது. நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளனாக இருந்தவன் நான். வசனத்தில் ஒரு சொல் கூடினாலும் எனக்குக் கை அரிக்கும். பத்திரிகை ஆசிரியர் பார்த்துவிட்டுக் கேட்டார்: “வெட்டினா விளங்குமோ?” நான் சொன்னேன், “இப்ப எல்லாருக்கும் தெரியும்தானே.”

எல்லாருக்கும் என்றால் யாருக்கு? என் தெருவில் இருப்பவர்களுக்கு.

சனிக்கிழமை நான் அந்தப் பாடசாலைக்குப் போனதும் ஒன்றும் சேவை செய்வதற்கல்ல. என் எழுத்துக்கு எத்தனை பேர் வந்திருக்கிறார்கள் என்று பார்க்கத்தான் போனேன். நல்ல கூட்டம். மனதுக்குள் கொஞ்சம் பூரிப்பும் இருந்தது. வாசலில் நின்றவர் என் பழைய நண்பர் நியாஸ். காத்தான்குடிக்காரர், நகரத்தில் மருந்துக்கடை வைத்திருக்கிறார். அன்றைக்கு அவர்தான் வாசலுக்குப் பொறுப்பு. ஒன்பது அடித்ததும் கேற்றை இழுத்துச் சாத்தினார்.

அதற்குப் பிறகுதான் அந்தப் பெண் வந்தார். பூமணி என்று பெயர். ஐம்பது வயதிருக்கும். அவருக்கு நேர் பின்னால், ஒட்டினாற்போல, அவருடைய கணவர் சாமித்தம்பி. வவுணதீவுக்கு அப்பால் ஒரு வட்டையில், அதுதான் வயல்வெளியில், வேளாண்மை செய்கிறவர்கள்.

“ஒம்பது மணிக்கு மூடியாச்சு அம்மா” என்றார் நியாஸ்.

“ஒம்பது இன்னும் ஆகல்லையே.”

“ஆகி இருவது நிமிசம்.”

அப்போதுதான் பூமணி கடிகாரத்தைக் காட்டினார். முதலில் நியாஸுக்கு. பிறகு, வெள்ளை வேட்டியோடு பக்கத்தில் நின்ற எனக்கு. வயது போன ஆள், நியாயம் சொல்வார் என்று நினைத்திருக்கவேண்டும்.

நான் நியாயம் சொல்லவில்லை. கடிகாரத்தைப் பார்த்தேன். விஷயம் விளங்கிவிட்டது.

பூமணி சத்தம் போடவில்லை. கணவரின் பக்கம் திரும்பினார்.

“நான் என்ன சொன்ன? விடிய வெள்ளாப்போட வெளிக்கிடுவம் எண்டு சொன்னனா இல்லையா? சோறு தின்னாமப் போகமாட்டன் எண்டு குந்தின ஆரு?”

“பேப்பரில புதிய நேரம் எண்டு போடல்ல கா” என்றார் சாமித்தம்பி, மெதுவாக. “எந்த நாளும் போடுறவர். இந்த முறை போடல்ல. அப்ப பழைய நேரம்தானே. கடைக்காரன் ரெண்டு தரம் வாசிச்சுக் காட்டின.”

“பேப்பரில ஆயிரம் போடுவாங்க.”

“சும்மா பறையாத. எழுதுறவர் படிச்ச மனிசன். யோசிச்சுத்தான் எழுதுவார். பிழை இவங்க வாசல மூடினதுதான்.”

வாசகர்களே, எனக்குப் புகழ்ச்சி பிடிக்கும். கல்யாண வீடுகளில் யாராவது என் பத்தியைப் பற்றிப் பேசினால் கதிரையை இழுத்துக்கொண்டு பக்கத்தில் போய் உட்காருகிறவன் நான். ஆனால் இப்படியொரு புகழ்ச்சியை நான் கேட்டதில்லை. கண் தெரியாத ஒரு மனிதர், தன் மனைவியோடு சண்டை பிடித்து, என் பெயரைக் காப்பாற்றுகிறார். நான் இரண்டடி தூரத்தில் நிற்கிறேன்... வாயை மூடிக்கொண்டு.

நியாஸ் என்னைப் பார்த்தார். அவருக்கும் விளங்கிவிட்டது. “சேர், நான் உங்கட எழுத்தப் பாத்துத்தான் மூடின” என்று காதுக்குள் சொன்னார். அவரையும் குற்றம் சொல்லமுடியாது.

எதிரே ஒரு தேத்தண்ணிக்கடை. “வாங்க, ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டு யோசிப்பம்” என்று இருவரையும் கூட்டிக்கொண்டு போனேன். உதவி செய்கிற பெரிய மனிதன் மாதிரி! உண்மையில் கேற்றடியில் வைத்துச் சொல்லத் தைரியமில்லை. நாலு பேர் நின்றார்கள்.

சாமித்தம்பி வாங்குப் பலகையைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். இரண்டு கண்ணிலும் பால் கலங்கினமாதிரி வெள்ளை.

“எவ்வளவு காலமா இப்பிடி?” என்று கேட்டேன்.

“ரெண்டு போகம் ஆகுது. வயலுக்க எனக்குக் கண் தேவையில்ல ஐயா, வரம்பு காலுக்குத் தெரியும். எருமைக்கும் என்னத் தெரியும். இவதான் ஒப்பரேசன் ஒப்பரேசன் எண்டு நிக்கிறா.”

“ஏன் நிக்கிறன் எண்டத்தையும் சொல்லுங்களன்” என்றார் பூமணி.

அவர் தேத்தண்ணியை ஊதினார். பூமணிதான் சொன்னார்.

“போன மாசம் உரம் எடுக்க வந்த நாங்க ஐயா. பாலத்தடிச் சென்றியில ஆமிக்காரன் கையக் காட்டின, நில்லுங்க எண்டு. எல்லாரும் நிண்ட. இவர் நடக்கிறார். அவன் சத்தமும் போடல்ல, கை மட்டும்தான். இவர் நடக்கிறார், கடைக்குப் போறமாதிரி. அவன் சுடுறத்துக்குத் துவக்கத் தோளால இறக்கிற்றான். நான் ஓடிப்போய் இவர்ர இடுப்புச் சாரத்தப் பிடிச்சு இழுத்த. சாரம் கையோட வந்திற்று.”

“ஆமிக்காரனே சிரிச்சிற்றான்” என்றார் சாமித்தம்பி.

“சிரிச்சான். அதால இண்டைக்கு இவர் தேத்தண்ணி குடிக்கிறார். சிரிக்காதவனும் அங்க நிப்பான்தானே?”

சாமித்தம்பி கோப்பையைக் கீழே வைத்தார். “ஆள் நிக்கிறது தெரிஞ்சது. கை தெரியல்ல” என்றார். இவ்வளவுதான் சொன்னார்.

அன்றிலிருந்து எங்கே போனாலும் பூமணி முன்னால் நடக்கிறார். அவர் நின்றால் இவர் போய் முட்டுவார். முட்டினால் நிற்கவேண்டும். அதுதான் அவர்களுடைய ஒழுங்கு. ‘ஒட்டினாற்போல’ என்று மேலே எழுதினேனே, அதன் காரணம் இது.

இந்தப் பகுதியில் உயிரோடு இருப்பதற்கு எவ்வளவோ தேவை என்று நாம் பேசிக்கொள்கிறோம். அடையாள அட்டை வேண்டும், பாஸ் வேண்டும், அதிர்ஷ்டம் வேண்டும். நீட்டிய ஒரு கையைப் பார்க்கக் கண் வேண்டும் என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. என் கண் நல்ல கண். எழுபத்திரண்டு வயதிலும் அச்சுப்பிழை தேடுகிறது.

அதற்குமேல் என்னால் இருக்கமுடியவில்லை.

“அந்தப் பேப்பரில எழுதுறது நான்தான்” என்றேன். “புதிய நேரம் எண்டு எப்பவும் போடுற நான். இந்த முறை வடிவில்ல எண்டு எடுத்திற்றன். பிழை என்னுடையது. உங்களுடையதில்ல.”

ஏசினால் வாங்கிக்கொள்வோம் என்று தலையைக் குனிந்துகொண்டு இருந்தேன்.

பூமணி கணவரின் முழங்கையில் தட்டினார். “கேட்டீங்களா? படிச்ச மனிசன். யோசிச்சு எழுதுவார். மறுகாவும் சொல்லுங்க பாப்பம்.”

சாமித்தம்பி என் குரல் வந்த பக்கம் திரும்பினார். “ஐயா, நீங்க ஏன் இவவுக்கு முன்னால சொன்ன? இனி ஒரு வருசத்துக்கு இதத்தான் கேக்கோணும்.”

என்னை மன்னித்ததாக இருவரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அப்படிக் கேட்பது அவர்களுக்கு இன்னொரு வேலை வைப்பது.

வைத்தியரிடம் போய்ப் பேசினேன். இளம் பெண், மண்டபத்து மூலையில் நின்றபடியே பணிஸ் தின்றுகொண்டிருந்தார். நடந்ததை மறைக்காமல் சொன்னேன். இவரை மட்டும் உள்ளே விடுங்கள் என்று கேட்டேன். அவர் சன்னலுக்கு வெளியே கையைக் காட்டினார். கேற்றுக்கு வெளியே இப்போது பூமணி போல இன்னும் பலர். எல்லோரும் படுவான்கரை. எல்லோருக்கும் இன்னும் ஒன்பது ஆகவில்லை, அல்லது இப்போதுதான் ஆகியிருந்தது.

“இவர எடுத்தா அவங்களுக்கு என்ன சொல்ல?” என்று கேட்டார். “உள்ள இருக்கிற ஆக்களையே எங்களால பாத்து முடிக்க ஏலாது. பின்னேரம் ஆமி ரோட்ட மூட முதல் நாங்க போகோணும்.”

ஒருவருக்குச் செய்த பிழை என்று நினைத்துக்கொண்டு உள்ளே போனவன், பலருக்குச் செய்த பிழையோடு வெளியே வந்தேன்.

ஆனால் ஒன்று சொன்னார். அடுத்த மாதமும் வருவார்களாம். “அண்டைக்கு முதல் துண்டு எல்லாம் பாலத்துக்கு அங்கால இருந்து வாற ஆக்களுக்கு” என்றார். நியாஸும் பக்கத்தில் நின்று கேட்டார்.

அதைச் சொல்லி, திரும்பிப்போக இருவரையும் பஸ்ஸில் ஏற்றிவிட்டு நானும் ஏறினேன். ஏன் ஏறினேன் என்று பூமணி கேட்கவில்லை. வலையிறவுப் பாலத்தடியில் இறங்கி வரிசையில் நின்றோம். வெயில் ஏறிவிட்டது. வாவியில் இரண்டு தோணிகள் அசையாமல் கிடந்தன. பாஸ் இல்லாமல் என்னால் அதற்கு அப்பால் போகமுடியாது. ஓரமாக நின்று பார்த்தேன்.

வரிசை நகர்ந்தது. நல்ல இளம் வயதுச் சிப்பாய் ஒருவன் கையை உயர்த்தினான். நெஞ்சளவுக்குத்தான். அவ்வளவு சின்ன அசைவு. பூமணி நின்றார். சாமித்தம்பி அவருடைய முதுகில் முட்டிக்கொண்டு நின்றார். கையில் இருந்த பை கீழே விழுந்தது.

“மெதுவா” என்றார் பூமணி, திரும்பிப் பார்க்காமல்.

சிப்பாய் பையைச் சோதித்தான். கையை அசைத்தான். இருவரும் போனார்கள், முன்னும் பின்னுமாக, ஒரே ஆள் போல. அடுத்த மாதம் வரைக்கும் அவர்கள் இன்னும் எத்தனை தரம் அந்தக் கையைத் தாண்டவேண்டும்? ஒரு நாளைக்குப் பூமணிக்குக் காய்ச்சல் வந்தால்?

நான் வெட்டியது இரண்டே சொல்.

இனி இந்தக் கிழமைச் செய்திகள். வடிவாக இருக்காது, பொறுத்துக்கொள்ளுங்கள். வியாழக்கிழமை காலை எட்டு மணி (புதிய நேரம், பழைய நேரம் ஏழரை) தொடக்கம் மாலை வரை நகரத்தில் குழாய்த் தண்ணீர் வராது, முதல்நாளே பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். செங்கலடிக்கு மாலையில் ஒரு பஸ் கூடுதலாக விடுகிறார்கள், நகரத்திலிருந்து நாலரைக்கு (புதிய நேரம், பழைய நேரம் நாலு) புறப்படும். அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் இனித் தொங்கிக்கொண்டு போகத் தேவையில்லை. நூலகத்தின் கூரை திருத்தி முடிந்தது, திங்கட்கிழமை காலை ஒன்பதுக்கு (புதிய நேரம், பழைய நேரம் எட்டரை) திறக்கிறார்கள். நனைந்த புத்தகங்கள் இன்னும் வெயிலில் காய்கின்றன, அவற்றைக் கேட்கவேண்டாம்.

கண் பரிசோதனை அடுத்த மாதம் முதல் சனிக்கிழமை, அதே பாடசாலை மண்டபத்தில். காலை ஒன்பது மணிக்குள் (புதிய நேரம், பழைய நேரம் எட்டரை) வாருங்கள். இந்தப் பத்தியைக் கடையில் வாசித்துக் காட்டுகிறவர்கள் தயவுசெய்து அடைப்புக்குறிக்குள் இருப்பதையும் சத்தமாக வாசியுங்கள். நியாஸிடம் சொல்லி வைத்திருக்கிறேன்: அன்றைக்கு வாசலை மூடுவதற்கு முன், சாமித்தம்பி வந்துவிட்டாரா என்று என்னைக் கேட்கவேண்டும்.