வால் நட்சத்திரமும் பலசரக்கு அண்ணாச்சியும்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பத்தில் வால் நட்சத்திரம் வந்தபோது நான் பாளையங்கோட்டை மிஷன் பள்ளியில் கணக்கு வாத்தியார். சீமைக்குத் திரும்பிய துரை ஒருவர் தம்முடைய தொலைநோக்கியை எனக்குக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அதுவரை அதில் நிலாவையும், எதிர்வீட்டு மாடியில் வத்தல் திருடும் காக்கையையும்தான் பார்த்திருந்தேன். ரயிலடிப் பக்கம் போட்டோக் கடை வைத்திருந்த என் மச்சினன்தான் ஆசையைக் கிளப்பினான்.

"அத்தான், கல்யாண மாப்பிள்ளையையே ஆடாம நிறுத்தி எடுத்திருக்கேன். இது எம்மாத்திரம்?"

காமிராவைத் தொலைநோக்கியின் முதுகில் கட்டுவது என்று தீர்மானித்தோம். வானம் நகர நகர, நான் குழலுக்குள் பார்த்தபடி நட்சத்திரம் நடுவை விட்டு விலகாமல் பையப் பையத் திருப்ப வேண்டும். அரைமணி நேரம் காமிரா கண்ணைத் திறந்தபடி இருக்கும்.

அன்று சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்குப் பின்னால் எல்லாவற்றையும் தயார் செய்துகொண்டிருந்தோம். பக்கத்து வீட்டுப் பலசரக்குக்கடை அண்ணாச்சி பட்டுக்கரை வேட்டியில் வந்து நின்றார். போட்டோ எடுத்தால் ஆயுசு குறையும் என்று அதுவரை காமிரா இருக்கும் திசைக்கே வராதவர்.

"வாத்தியாரே, உலகமே அழியப் போவுதுன்னு ஊரெல்லாம் சொல்லுதாங்க. இனி ஆயுசு குறைஞ்சா என்ன, குறையாட்டா என்னவே? என்னையும் ஒண்ணு எடுக்கச் சொல்லும்."

மச்சினனுக்குச் சந்தோஷம். முகம் பளபளக்கிறது, துடையுங்கள் என்றான். அவர் துண்டால் அழுத்தித் துடைத்ததில் வியர்வையோடு நெற்றித் திருநீறும் போயிற்று. மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார். எடுத்து முடித்த பிறகும் கொஞ்ச நேரம் மூச்சுவிடப் பயந்தார்.

இருட்டியதும் மேற்கே நட்சத்திரம் தெரிந்தது. நான் ஒற்றைக் கண்ணைக் குழலில் வைத்துக் குனிந்தேன். கொசு காலைப் பிடுங்கியது, அசையவில்லை. என் மனைவி பின்னாலிருந்து, "சோறு ஆறுது" என்றாள், திரும்பவில்லை. முடிந்தபோது இடுப்பு நிமிர மறுத்தது. அவளும் அவள் தம்பியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து என்னை நிமிர்த்தினார்கள்.

மறுநாள் மச்சினன் படத்தோடு வந்தான். முகம் செத்திருந்தது. காமிராவில் முன்னொன்றும் பின்னொன்றுமாக இரண்டு கண்ணாடித் தகடுகள் வைக்கும் சட்டம் உண்டு. அண்ணாச்சியை எடுத்தபின் அதைத் திருப்பிப் போட மறந்திருக்கிறான். இரண்டு படமும் ஒரே தகட்டில். அண்ணாச்சியின் புருவமத்தியில் நட்சத்திரத்தின் தலை. அங்கிருந்து நெற்றியில் நெட்டுக்குத்தாக ஏறியது வால். அச்சு அசல் நாமம்!

அதற்குள் அண்ணாச்சி வந்து படத்தைப் பிடுங்கிக்கொண்டார்.

"என்னவே இது? தலைமுறை தலைமுறையா பட்டை போட்ட நெத்தி! எனக்கே நாமம் போட்டுட்டீரே!"

"அண்ணாச்சி, அது நட்சத்திரம்."

"நட்சத்திரத்துக்கு ஆகாசத்துல இடமா இல்ல? என் நெத்தியில அதுக்கு என்ன சோலி?"

அவர் மனைவி சுவருக்கு அந்தப் பக்கமிருந்து எட்டிப் பார்த்து, "நல்ல லெச்சணமாத்தான இருக்கு" என்றார். அண்ணாச்சி படத்தைத் தரையில் போட்டுவிட்டுப் போய்விட்டார். எனக்கோ சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. வால் அத்தனை தெளிவாக விழுந்திருந்தது.

மறுபடி எடுக்கலாமென்றால், மலைப்பக்கம் சாரல் தொடங்கி மேற்கே மேகம் அடைத்துக்கொண்டது. அது விலகியபோது நட்சத்திரம் மங்கிப்போயிருந்தது. கடைசியில் அண்ணாச்சியின் கண்ணையும் காதையும் கத்தரித்துவிட்டு, நெற்றியை மட்டும் வகுப்பில் மாட்டினேன். அடியில் கறுப்பாக இரண்டு வளைவு தெரிகிறதே என்று தலைமையாசிரியர் கேட்டார். மேகம் என்றேன். கூர்ந்து பார்த்துத் தலையாட்டினார்.

உலகம் அழியவில்லை என்று நிச்சயமானபின் அண்ணாச்சி தாமாகவே ரயிலடிக் கடைக்குப் போனாராம், நெற்றியில் மூன்று பட்டை பளிச்சென்று. மச்சினன் துணிக்குள் தலையை விடுமுன், "இரும், உள்ள வேற எதும் கெடக்கான்னு பாத்துக்கிடுதேன்" என்று தகட்டுச் சட்டத்தைப் பட்டப்பகலில் திறந்துவிட்டார். வெளிச்சம் பட்டுத் தகடு பாழ். அவரோ, சுத்தமாக இருக்கிறது, இனி எடுக்கலாம் என்று நிமிர்ந்து நின்றாராம்.